இருபத்தொரு நாள் தப்பான பக்கம்

ரப்பர் ஸ்டாம்ப் கடையில் வருஷக்கணக்காக வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வியாதி என்றால் அவர்களுக்குக் கோபம் வரும், வரட்டும். ஓர் எழுத்து நேராக இருக்கிறதா, கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி இருக்கிறதா என்பது அவர்கள் கண்ணில் உறைக்காது. ரப்பரில் திரும்பி இருந்தால்தானே காகிதத்தில் நேராக விழும்? அதனால் நாள் முழுக்கத் திரும்பிய எழுத்தையே படித்துப் படித்து, கடைசியில் இரண்டும் அவர்களுக்கு ஒன்றாகிவிடும். சீலக்கா அந்த வேலையில் பதினாறு வருஷம்.

சீலக்கா என்பது, சீல் வெட்டுகிற அக்கா என்று, கடைக்கு வருகிறவர்கள் வைத்த பெயர். கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில், ஜெராக்ஸ் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே எட்டடி அகலத்தில் இருந்தது கடை. உள்ளே ஒரு மேஜை, ஒரு வளைகழுத்து விளக்கு, அச்சு எடுக்கும் மெஷின். மெஷினிலிருந்து வரும் ரப்பர் தாளில் ஒவ்வொரு ஸ்டாம்ப்பாக பிளேடால் வெட்டி, ஓரத்துப் பிசிறைச் சீவி, கைப்பிடியில் ஒட்டி, பழைய காகிதத்தில் ஒரு குத்து குத்திப் பார்ப்பது அவள் வேலை. "பெறப்பட்டது", "அவசரம்", "உண்மை நகல்" என்று ஒரு நாளைக்கு நூறாவது தேறும். "ரத்து" என்று மட்டும் ஒரு ஸ்டாம்ப் வந்தால் தொட மாட்டாள். ஒதுக்கி வைத்துவிட்டு, "இதை நீங்க பாத்துக்கங்க சார்" என்பாள் முதலாளியிடம். அவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஓர் அலுவலகத்துக்கு அவசரமாக அறுபது "ரத்து" தேவைப்பட்டது. அப்போது சீலக்காவுக்கு எட்டாம் மாதம். மேஜை விளிம்பு வயிற்றில் அழுந்த, குனிந்த தலை நிமிராமல் ஒரு நாளில் அறுபதையும் வெட்டினாள். மறுநாள் குழந்தை அசையவில்லை. அதற்கு மறுநாள் ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. யாராலும் காரணம் சொல்ல முடியவில்லை. சீலக்கா மட்டும் காரணம் தெரியும் என்று நினைத்தாள். மேஜை விளிம்பு. அதை டாக்டரிடமும் சொல்லவில்லை, கட்டிய புருஷனிடமும் சொல்லவில்லை. சொன்னால் "ஆமாம்" என்றுவிடுவார்களோ என்ற பயம்தான்.

இப்போது மறுபடியும் எட்டாம் மாதம். போன தடவை பார்த்த அதே டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, "குழந்தை குறுக்கால கிடக்கு. இன்னும் நேரம் இருக்கு, திரும்பிடும். யோகா டீச்சரைப் பாத்துட்டுப் போங்க" என்றார். "திரும்பிடும்" என்ற சொல் சீலக்காவின் காதில் ஏறவே இல்லை. "குறுக்கால" மட்டும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

யோகா டீச்சர் புதன்கிழமைகளில் மட்டும் அந்த ஆஸ்பத்திரிக்கு வருவார். ஸ்கேன் தாளைப் பார்த்தார், வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். வெளியே இன்னும் பதினாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "உங்களுக்குன்னு தனியா ஒரு வீடியோ எடுத்து போனுக்கு அனுப்பறேன். காலையில வெறும் வயித்துல பண்ணுங்க. கடைசியில ஒரு பக்கமா சாஞ்சு படுக்கற மாதிரி ஒண்ணு வரும். அது ரொம்ப முக்கியம், எந்தப் பக்கம்னு பாத்துப் பண்ணுங்க, மாத்திடாதீங்க" என்றார். சாயங்காலமே வீடியோ வந்தது. டீச்சர் தன் செல்போனை எதிரே சாத்தி வைத்து, தானே எடுத்துக்கொண்டது. பின்னால் சுவரில் ஒரு பலகை.

மறுநாளிலிருந்து காலை ஏழு மணிக்குச் சீலக்காவின் வீட்டில் யோகா. வீடு என்பது ஒரே அறை, ஒரு தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் அடுப்பும் குழாயடியும். அவள் புருஷனுக்கு பிரெட் கம்பெனியில் இரவு ஷிப்ட். ஆறு மணிக்கு இமையெல்லாம் மாவோடு வருவான், குளிப்பான், கட்டிலில் விழுவான். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கும் அளவுக்குத்தான் இடம். சர்க்கரை டின்னில் போனைச் சாய்த்து வைப்பாள். மனுஷன் ராத்திரி முழுக்கச் சூட்டடுப்பின் முன்னால் நின்றுவிட்டு வந்திருக்கிறான், தூக்கம் கெடக்கூடாது என்று போனின் சத்தத்தை அடியோடு நிறுத்திவிடுவாள். சத்தம் எதற்கு? பார்த்துச் செய்ய அவளுக்குத் தெரியாதா? பதினாறு வருஷமாகப் பார்த்துத்தானே பிழைக்கிறாள்.

முதலில் சம்மணம் போட்டு மூச்சு. பிறகு கழுத்தைத் திருப்புவது. பிறகு கையையும் முட்டியையும் ஊன்றிப் பூனைபோல் முதுகை வளைப்பது. அது ஒன்றில்தான் அவளுக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். பிறகு பாதங்களைச் சேர்த்துவைத்து முட்டியை மெல்ல ஆட்டுவது. கடைசியில் அந்தப் படுக்கை: இடுப்புக்குக் கீழே ஒரு தலையணை, முட்டிகளுக்கு நடுவே ஒன்று, கால் மணி நேரம்.

செய்கிறவள் நிம்மதியாகவா செய்தாள்? டீச்சர் முகத்தில் சாந்தம் வழியும், இவள் முகத்தில் வியர்வை வழியும். மூச்சை உள்ளே இழுத்தால் குழந்தைக்கு இடிக்குமோ என்று பயம், வெளியே விட்டால் காற்று போதாமல் போகுமோ என்று பயம். கால் மணி நேரம் படுத்திருக்கும்போது வயிற்றில் கை வைத்து அசைவுகளை எண்ணுவாள். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே இடைவெளி நீண்டால் வயிற்றை விரலால் தட்டிப் பார்ப்பாள். யோகா மனதை லேசாக்கும் என்று சொன்னவர்கள் இவளைப் பார்த்ததில்லை.

எந்தப் பக்கம் படுப்பது என்பதை முதல் நாளே ஒன்றுக்கு நாலு தடவை யோசித்துத் தீர்மானித்துவிட்டாள். திரையில் டீச்சரின் தலை, பார்க்கிற இவளுடைய இடது கைப் பக்கம் இருந்தது. டீச்சர் இவளைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். எதிரே இருக்கிறவரின் இடது நமக்கு வலது என்பது சீலக்காவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, சாப்பாடு போடுகிற பாடமே அதுதான். ஆகவே டீச்சர் படுத்திருப்பது வலப்பக்கம். இவளும் வலப்பக்கம் படுத்தாள். வேறு எவளாக இருந்தாலும் யோசிக்காமல் டீச்சரின் தலை இருக்கும் திசையிலேயே தன் தலையையும் வைத்துப் படுத்திருப்பாள். சீலக்கா புத்திசாலி, அதனால் மாட்டிக்கொண்டாள்.

இருபத்தொன்றாம் நாள், முப்பத்து நாலாவது வாரம். போன தடவை எல்லாம் முடிந்துபோனது இதே வாரத்தில்தான். அன்று காலை சீலக்கா வழக்கத்தைவிட முன்னாலேயே எழுந்துவிட்டாள். பாயை விரித்தாள், போனைச் சாய்த்தாள், பூனை ஆனாள், படுத்தாள். கதவு லேசாகத் தட்டப்பட்டு, பதில் வருவதற்கு முன்பே திறந்தது. அப்படித் தட்டுகிற ஆள் உலகத்திலேயே ஒருத்திதான். நாத்தனார்.

நாத்தனார் இவள் புருஷனுக்குத் தங்கை. பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை. இரண்டு தெரு தள்ளி வீடு. ரகசியம் பேசினாலும் வேனில் பேசுகிற குரல்தான். அன்றைக்கு அண்ணன் தூங்குகிறான் என்று குரலை இறக்கி, அதனாலேயே மூச்சு முட்டிக்கொண்டு, கையில் ஒரு பழைய தலையணையோடு நின்றாள்.

"அண்ணி, இது நல்ல மெத்துனு இருக்கும். இடுப்புக்கு வெச்சுக்கங்க. நீங்க எந்திரிக்காதீங்க, நான் ஓடிடறேன், வேன் வெளிய நிக்குது" என்றாள். ஓடவில்லை. கால் மணி நேரத்துக்குச் சிலைபோல் கிடக்கிற ஒரு பெண்ணை வேடிக்கை பார்க்காமல் ஓட அவளால் முடியுமா? பக்கத்தில் குந்தி உட்கார்ந்து போனைப் பார்த்தாள்.

"அண்ணி, டீச்சர் என்ன வெளிநாட்டுக்காரங்களா?"

"இல்லயே. ஏன்?"

"பின்னால பலகையில என்ன பாஷை அது? ஜாங்கிரி பிழிஞ்ச மாதிரி."

"நல்லா கண்ணைத் தொறந்து பாரு. 'மூச்சை மெதுவாக விடவும்'னு போட்டிருக்கு. பள்ளிக்கூட வேன்ல வேலை பாக்கற, இது படிக்கத் தெரியலையா?"

நாத்தனார் போனைக் கையில் எடுத்தாள், கண்ணருகே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள். "சும்மா சொல்லாதீங்க அண்ணி. இதுல முதல் எழுத்து கடைசியில இருக்கு. எல்லாமே திரும்பி இருக்கு. நீங்க எப்படிப் படிச்சீங்க?"

சீலக்கா கையை நீட்டினாள். போனை வாங்கிப் பார்த்தாள். பலகை எப்போதும்போல் தெளிவாக இருந்தது, மூச்சை மெதுவாக விடவும். இருபத்தொரு நாளும் அதைப் படித்திருக்கிறாள். மெல்ல எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அங்கே மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடிக்கு எதிரே போனைப் பிடித்தாள். பின்னாலேயே வந்த நாத்தனார் கண்ணாடியைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படித்தாள்.

"அட, இப்ப சரியா இருக்கே. மூச்சை மெதுவாக விடவும்."

கண்ணாடிக்குள் டீச்சரின் தலை மறுபக்கம் போயிருந்தது.

செல்போனின் முன்பக்கக் கேமரா சில சமயம் கண்ணாடிபோலப் படத்தைத் திருப்பியே பதிந்துவிடும். இது ஊருக்கே தெரிந்த சங்கதி. யாராவது போட்டோ எடுத்து அனுப்பினால் கடைப் பலகை திரும்பியிருக்கிறது என்று சிரிப்பார்கள். சீலக்காவின் கண்ணுக்கு எதுவும் திரும்பியதாகத் தெரியாது என்பதுதான் கோளாறு. இருபத்தொரு நாளில் முதல் தடவையாகப் போனின் சத்தத்தைக் கூட்டினாள். டீச்சரின் குரல் குழாயடியெல்லாம் ஒலித்தது.

"இப்ப இடது பக்கமா படுங்க. இடது பக்கம் மட்டும்தான். வலது வேண்டாம்."

சீலக்கா போனைக் குழாய்த் திட்டில் வைத்தாள். அங்கேயே, ஈரத் தரையில் உட்கார்ந்தாள். குறுக்கே கிடந்த குழந்தையை இருபத்தொரு நாளாக, நாளுக்குக் கால் மணி நேரம், தன் கையாலேயே எதிர்த்திசையில் தள்ளியிருக்கிறாள் என்று நினைத்தாள். கொடி சுற்றியிருக்கும். கழுத்து நெரிந்திருக்கும். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது, விடிந்ததிலிருந்து ஓர் அசைவுகூட எண்ணவில்லை. படுத்திருந்தபோது நாத்தனார் வந்துவிட்டாள், பேச்சில் மறந்துபோயிற்று. அல்லது, எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் இருந்ததோ.

"அசையல" என்றாள். "காலையிலிருந்து அசையல."

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று ஒரு குரல் வந்தது. நாத்தனார் அல்ல. கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த புருஷன், சட்டையை மாட்டியபடி தடுப்பருகே நின்றான். தூங்கி எழுந்த முகமாகவே இல்லை.

பிள்ளைகளை ஏற்றப் போகாமல் பள்ளிக்கூட வேன் அன்று ஆஸ்பத்திரிக்குப் போனது. டிரைவரிடம் நாத்தனார் என்ன சொன்னாளோ தெரியாது, அவர் உடனே வண்டியை எடுத்தார். ஆறு வயதுப் பிள்ளைகளுக்கான சீட்டில் மூன்று பெரியவர்கள் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு வேகத்தடையிலும் சீலக்கா வயிற்றைக் கீழிருந்து தாங்கிப் பிடித்தாள். அசை, அசை என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். நாத்தனார் வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை. அதுவே சீலக்காவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

அதே அறை. அதே கட்டில். போன தடவை தேடிய அதே கருவியா, வேறா, தெரியாது. நர்ஸ் வயிற்றில் ஜில்லென்று எதையோ தடவிக் கருவியை வைத்தார். கரகரவென்று சத்தம். நகர்த்தினார். மறுபடி கரகர. சீலக்கா கூரையில் இருந்த மின்விசிறியின் இறக்கைகளைப் பார்த்தாள். மூன்று. போன தடவையும் மூன்றுதான். நர்ஸ் வலப்பக்கம் தேடினார், நடுவில் தேடினார். புருஷன் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தான்.

"இங்க இல்லையே" என்றார் நர்ஸ். சீலக்காவுக்கு உயிர் போய்விட்டது.

"போன ஸ்கேன்படி இங்கதான் கேக்கணும். இருங்க" என்று கருவியைத் தொப்புளுக்குக் கீழே இறக்கினார். டபடபடப என்று அறை முழுக்கக் கேட்டது. தையல் மெஷினை வேகமாக மிதிக்கிற சத்தம். நாத்தனார் வாசலில் நின்றபடி ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

டாக்டரம்மா வந்து ஸ்கேன் வைத்துப் பார்த்தார். திரையைத் திருப்பி இவர்களுக்கும் காட்டினார். "தலை கீழ வந்துடுச்சு. அழகாத் திரும்பியிருக்கு. அதான் துடிப்பு கீழ கேக்குது. ஆள் தூங்கிட்டு இருந்திருக்கு, வேற ஒண்ணுமில்ல. ஆனா அசைவு கொறஞ்சா இப்படி உடனே வந்துடணும், செஞ்சது சரி."

சீலக்கா நம்பவில்லை. "நான் தப்பான பக்கம் படுத்தேன் டாக்டரம்மா. இருபத்தொரு நாளும் தப்பு. டீச்சர் இடதுன்னாங்க, நான் வலது படுத்தேன்."

டாக்டரம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. பலகை, கேமரா, கண்ணாடி எல்லாம் நாத்தனார்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே விளக்கினாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

"இங்க பாருங்கம்மா. அந்தப் படுக்கை உதவலாம், உதவாமலும் போகலாம். பெரும்பாலும் குழந்தை தானாவே திரும்பும். நீங்க வலது படுத்ததால ஒண்ணும் கெடல. இடது படுத்திருந்தா அதனாலதான் திரும்புச்சுன்னு நாம எல்லாரும் சொல்லியிருப்போம். அவ்வளவுதான்."

"அப்ப நான் பண்ணது எதுவுமே..."

"எதுவுமே காரணமில்ல."

சீலக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு வருஷமாகத் தொண்டையில் நின்றது வெளியே வந்தது. "அப்ப மேஜை?" என்றாள்.

"என்ன மேஜை?"

சொன்னாள். அறுபது ஸ்டாம்ப், குனிந்தது, விளிம்பு அழுந்தியது, எல்லாவற்றையும் சொன்னாள். "ரத்து" என்ற சொல்லையும் வாய்விட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டு, தீர்ப்புக்கு நிற்கிறவள் முகத்தோடு டாக்டரம்மாவைப் பார்த்தாள்.

"மேஜையில உக்காந்து வேலை பாக்கறதால குழந்தை போகாதும்மா. அன்னைக்கே சொன்னேன், உங்க தப்பு எதுவும் இல்லன்னு. அப்ப நீங்க கேக்கற நிலையில இல்ல."

புருஷன் கம்பியிலிருந்து கையை எடுத்தான். "நான் நெனச்சேன், நான் அன்னிக்கு ரெண்டு ஷிப்ட் பாத்ததாலதான்னு. வீட்ல இருந்திருந்தா முந்தின நாளே கூட்டிட்டு வந்திருப்பேன்னு." அவன் இதைச் சுவரைப் பார்த்துச் சொன்னான். பிறகு, "காலையில நான் தூங்கறதே இல்ல" என்றான். "நீ யோகா பண்றப்ப கண்ணை மூடிட்டுப் படுத்திருப்பேன். உன் மூச்சைக் கேட்டுட்டே இருப்பேன். எழுந்தா நீ பாதியில நிறுத்திடுவியோன்னு பயம்."

சீலக்காவுக்குக் கோபம் வந்தது, சத்தியமாகக் கோபம்தான். இந்த மனுஷன் தூங்கட்டும் என்றுதானே சத்தத்தை நிறுத்தினாள்? ஒரு நாள், ஒரே ஒரு நாள், "போனைச் சத்தமா வெச்சுக்க" என்று சொல்லியிருந்தால் என்ன? திட்ட வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து வயிற்றில் விலாவுக்குக் கீழே ஓங்கி ஓர் உதை விழுந்தது. திட்டு பாதியில் நின்றது.

பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். தன் கையில் எதுவுமே இல்லை என்று கேட்பதில் என்ன நிம்மதி இருக்கிறது? சரியான பக்கம் படுத்தால் காப்பாற்றிவிடலாம் என்று இருந்த ஒரு பிடிமானமும் போயிற்று. இன்னும் ஆறு வாரம் இருக்கிறது, ஆறு வாரமும் நடுங்கத்தான் போகிறாள். ஆனால் பழைய கணக்கு ஒன்று தீர்ந்திருந்தது. அறுபது ஸ்டாம்ப் வெட்டியவள் யாரையும் கொல்லவில்லை.

வெளியே வரும்போது கவுன்ட்டரில் இருந்த பெண் புதுத் தாள் ஒன்றை எடுத்து, பிரசவத்துக்குச் சேர்வதற்கான விவரங்களைக் கேட்டாள். வயது, ரத்த வகை, வீட்டு எண். பிறகு தலை நிமிராமல், "இது எத்தனாவது குழந்தை?" என்றாள்.

எப்போதும் இந்தக் கேள்வி வந்தால் சீலக்கா வேறு பக்கம் பார்ப்பாள், புருஷன் அவசரமாக "மொதல்" என்பான். இன்றும் அவன் வாயைத் திறந்தான். சீலக்கா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ரெண்டாவது" என்றாள்.

"மூத்தது?"

"பொண்ணு. எட்டாம் மாசம் தவறிட்டா."

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். தாளின் அடியில் வைக்க ஒரு ஸ்டாம்ப்பை எடுத்து மையில் ஒற்றினாள். "பெறப்பட்டது". சீலக்காவின் கை வெட்டியதுதான், கடைசி எழுத்தின் ஓரத்தைப் பார்த்ததும் தெரிந்தது. பக்கத்தில் நின்ற புருஷன் "பொண்ணு" என்று தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத சொல் அது.

"கொஞ்சம் நேரா வைம்மா" என்றாள் சீலக்கா கவுன்ட்டர் பெண்ணிடம். "அவ பேர் இருக்கற தாள்."

பேரே வைக்கவில்லை என்பது பிறகுதான் இருவருக்கும் ஞாபகம் வந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு மறுபடி வந்த வேனில் வீடு திரும்பும்போது, முட்டியை மடக்கி உட்கார்ந்தபடி, முதலில் மூத்தவளுக்கு யோசித்தார்கள்.